குப்பை காத்த கோட்டைச் சுவர்

பழைய கெய்ரோவின் கிழக்கு ஓரத்தில் தர்ராசா என்றொரு மேடு. இயற்கையான குன்று இல்லைங்க. இடிபாடும் குப்பையுமா ஊர் சனம் சுமார் 500 வருஷம் கொட்டிக் கொட்டியே வளர்ந்தது.

1984-ல் ஆகா கான் இங்கே பூங்கா அமைத்துத் தருவதாக அறிவித்தார். வேலை லேசில் நடக்கவில்லை. நகரத்துக்கான மூன்று பெரிய குடிநீர்த் தொட்டிகளும் இதே மேட்டில்தான் வந்தன. ஒவ்வொன்றும் 80 மீட்டர் விட்டம். அவற்றையும் உள்ளடக்கித்தான் பூங்காவைத் திட்டமிட வேண்டியிருந்தது. மண்ணோ ஒரே உப்பு. அதன்மேல் களிமண் பரப்பி, நல்ல மண் கொட்டிய பிறகே செடி வைக்க முடிந்தது.

மேற்குச் சரிவைத் தோண்டியபோதுதான் ஆச்சரியம்: 12-ம் நூற்றாண்டில் சலாவுதீன் தொடங்கிய கோட்டைச் சுவர், சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு! வெளியே நின்றிருந்தால் கல்லைப் பெயர்த்து வீடு கட்டியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். குப்பைதான் காப்பாற்றியிருக்கிறது.

சுவருக்கு அந்தப் பக்கம் தர்ப் அல்-அஹ்மர். கைவினைஞர்கள் வாழும் ஏழைப் பகுதி. பூங்கா வந்தால் இவங்களைத்தானே முதல்ல கிளப்புவாங்க? இங்கே பூங்கா வேலையோடு அவர்கள் வீடுகளைப் பழுதுபார்க்கும் வேலையும் நடந்தது. 2005-ல் அல்-அஸ்ஹர் பூங்கா பொதுமக்களுக்குத் திறந்தது. பரப்பு 30 ஹெக்டேர்.

நம்மூர்க் குப்பைமேடுகளைக் கிளறுமுன் இந்த இரண்டையும் யோசிக்கலாம்: கீழே என்ன இருக்கு, பக்கத்துல யார் இருக்காங்க.