யு.எஸ்.எம் எஃப்.ஒய்.பி: ஆய்வில் உங்கள் பெயர் வருமா?

1969-இல் தொடங்கப்பட்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், அதாவது பினாங்கு குளுகோரில் இருக்கும் யு.எஸ்.எம். இங்கே இளங்கலை மாணவர்கள் பலர் கடைசி ஆண்டில் எஃப்.ஒய்.பி எனும் ஆய்வைச் செய்கிறார்கள். விரிவுரையாளர் ஒருவர் மேற்பார்வையாளராக இருப்பார்.

கடல் உயிரியல் என்றால் தெலுக் பஹாங் பக்கம் முக்கா ஹெட் ஆய்வு நிலையம். படகில் போகணும், இல்லாவிட்டால் தேசியப் பூங்கா காட்டுக்குள் நடக்கணும்! சமூகவியலில் ஆட்களைப் பேட்டி எடுக்க வேண்டுமா? நெறிமுறைக் குழுவின் அனுமதி தேவைப்படலாம். அதற்கே வாரக்கணக்கில் ஆகும்.

பெரிய பேராசிரியர் என்று பெயரை மட்டும் பார்த்து ஓடாதீங்க. உங்கள் வரைவைப் படிக்க அவருக்கு நேரம் இருக்கிறதா என்று சீனியர்களிடம் விசாரியுங்க. நீங்கள் திரட்டிய தரவு ஆய்விதழில் கட்டுரையாக வந்தால் உங்கள் பெயர் எங்கே வரும்? இதை முதல் சந்திப்பிலேயே கேட்டு, மின்னஞ்சலிலும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.