வரிசைக் கூட்டலும் ஜோடிக் கூட்டலும்

47, 38, 53, 62. இந்த நான்கையும் பள்ளியில் படித்தபடி ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டினால், ஒன்றின் இடத்தில் 7ம் 8ம் 15, மூன்றோடு 18, இரண்டோடு 20. பூஜ்ஜியத்தைப் போட்டுவிட்டு இரண்டைக் கையில் வைக்கிறோம். பத்தின் இடத்தில் வருவது 18. கையிலிருந்த இரண்டோடு 20. விடை 200. தொடக்கப்பள்ளிப் பாடத்தில் இதற்கு இனமாற்றக் கூட்டல் என்று பெயர்.

பேனாவைத் தொடும் முன் எண்களை ஒருமுறை மேலும் கீழும் பார்ப்பவருக்கு வேலை இன்னும் குறைவு. 47க்கு ஜோடி 53. 38க்கு ஜோடி 62. இரண்டு நூறு, அவ்வளவுதான். இப்படி இடம் மாற்றிச் சேர்க்க உரிமை தருபவை பரிமாற்றுப் பண்பும் சேர்ப்புப் பண்பும். பரீட்சைக்கு அவற்றை மனப்பாடம் செய்கிறோமே தவிர, கடையில் நிற்கும்போது நினைத்துப் பார்ப்பதில்லை.

அங்கேதான் அவை அதிகம் உதவும். துணிக்கடையில் 199, 299, 499 என்று மூன்று உருப்படி எடுத்தால், வரிசைக் கூட்டலில் முதலில் 27, அடுத்து 29 என்று இரண்டு முறை கையில் வைத்துக் கூட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரூபாய் கூட்டிக்கொண்டால் 200, 300, 500; மொத்தம் ஆயிரம். கூட்டிய மூன்றைக் கழித்தால் 997. ஜப்பானிய மணிச்சட்டமான சொரோபானிலும் இதே தந்திரம் உண்டு: எட்டைக் கூட்ட அந்தக் கம்பியில் மணி போதாவிட்டால், பத்தைப் போட்டு இரண்டை எடுத்துவிடுவார்கள்.

ஆனால் 376, 429, 158 என்று வந்தால்? ஜோடி தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் வரிசைக் கூட்டல் 963 என்று சொல்லி முடித்துவிடும். எண் எப்படி இருந்தாலும் அதற்கு ஒரே நடைதான். இன்னொரு வசதியும் உண்டு: தாளில் தடம் இருப்பதால் தவறு எந்த இடத்தில் நேர்ந்தது என்று அடுத்தவர் கண்டுபிடிக்கலாம். மனத்துக்குள் சேர்த்த ஜோடிகளை யார் தணிக்கை செய்வது?

வரவு செலவு நோட்டுக்கு வரிசைக் கூட்டல்தான் சரி. அதிலும் ஒவ்வொரு இடத்தையும் கூட்டும்போது 7ஐயும் 3ஐயும், 8ஐயும் 2ஐயும் முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள். விரல் விட வேண்டியிருக்காது.