ஐரோப்பாவில் யூதர் வெறுப்பு வளர்ந்த வரலாறு

ஐரோப்பிய நாடுகளில் யூதர் பன்னூறாண்டுகள் பகைக்கப்பட்டமைக்கு அவர்தம் பொருளாசையே காரணமென்று கூறுவார் உளர். அக்கூற்றுப் பொருந்துமா என்பதை யாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் எழுந்தது சமயப் பகை. உரோம ஆளுநன் ஆணையால் இயேசுநாதர் சிலுவையில் மாண்ட பழியை யூத இனம் முழுவதன்மேலும் வழிவழியாகச் சுமத்தினர். 1096இல் சிலுவைப்போருக்குப் புறப்பட்டோர் வொர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களில் யூதரைக் கொன்று குவித்தனர். 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் திருச்சபைப் பேரவை, யூதர் உடையால் வேறுபட்டுத் தோன்றல் வேண்டுமென விதித்தது.

இதனோடு சமூகத் தடைகளும் சேர்ந்தன. பல நாடுகளில் யூதர் நிலம் கொள்ளலாகாது. கைவினைஞர் சங்கங்களிற் சேரலாகாது. கிறித்தவர் வட்டி வாங்குதலைத் திருச்சபை பாவமென விலக்கிற்று. கடனோ அரசர்க்கும் பிரபுக்களுக்கும் இன்றியமையாததாயிற்று. ஆதலின் யூதருட் பலர் தமக்கு எஞ்சிய அத்தொழிலிற் புகுந்தனர். அவர் ஈட்டியதில் பெரும்பங்கை அரசர் வரியாகக் கவர்ந்தனர். குடிகளின் வசையோ யூதரையே சார்ந்தது.

இதன் விளைவை இங்கிலாந்தின் யார்க் நகரிற் காண்க. 1190இல் கலகக்காரர்க்கு அஞ்சிக் கோட்டையுட் புகுந்த யூதர் ஏறத்தாழ 150 பேர் மாண்டனர். அவருட் பெரும்பாலோர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். அதன்பின் அக்கூட்டத்தார் செய்தது யாது? பேராலயத்தில் வைக்கப்பட்டிருந்த கடன்பத்திரங்களைத் தீயிட்டுக் கொளுத்தினர். சமயப் பகையின் உள்ளே கடன்பட்டோரின் ஊதியமும் மறைந்து நின்றமை இதனாற் புலனாம். 1290இல் முதலாம் எட்வர்டு மன்னன் யூதரனைவரையும் நாட்டினின்றும் துரத்தினான்.

1348இல் கொள்ளைநோய் பரவியபோது, யூதர் கிணறுகளில் நஞ்சிட்டனரென்னும் வதந்தி எழுந்தது. யூதரும் அந்நோயால் மடிகின்றனரே என்று போப்பரசர் ஆறாம் கிளெமென்ட் எடுத்துக்காட்டியும் பயனில்லை. ஸ்திராஸ்பூர்க் நகரில் நோய் வருமுன்னரே, 1349 பிப்ரவரியில், யூதரைத் தீயிலிட்டனர். அவர்க்குரிய கடன்களும் நீக்கப்பட்டன.

1791இல் பிரான்சு யூதர்க்குக் குடியுரிமை நல்கிற்று. ஆயினும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அப்பகை இனப்பகையாய் உருமாறிற்று. முன்னர் ஞானஸ்நானம் பெற்றுத் தப்பியோரும் உளர். 1935ஆம் ஆண்டின் நியூரம்பெர்க் சட்டங்களோ, பாட்டன் பாட்டியருள் மூவர் யூதராயின், மதம் மாறியவனையும் யூதனென்றே கொண்டன. இரண்டாம் உலகப்போர் முடிவதற்குள் ஏறத்தாழ 60 இலட்சம் யூதர் நாஜிகளாலும் அவர்தம் துணைவராலும் கொல்லப்பட்டனர்.

ஆகவே, பிற தொழில்களின் வாயிலை அடைத்தவரே, எஞ்சிய தொழிலைச் செய்தமைக்காக யூதரைப் பழித்தனர் என்பது தெளிவு. நேயர்காள்! ஒரு வகுப்பாரைப் பற்றிய பழிமொழி நம் செவிக்கு எட்டுங்கால், அதனால் ஊதியம் பெறுவார் யாவரென்று முதற்கண் வினவுதல் நம் கடனாகும். நம் மக்கட்கும் இதனைக் கற்பிப்போமாக.