சடையானைகளும் சிறுவேட நடிகர்களும்

அரசர்களின் பெயர்களைக் கல்வெட்டுகள் காத்து நிற்கின்றன; அக்கல்லைச் செதுக்கிய சிற்பியின் பெயரை எங்கோ சில இடங்களில்தான் காண்கிறோம். திரைப்படத்தின் வரலாறும் ஏறத்தாழ இவ்வாறே அமைந்திருக்கிறது. தலைமை நடிகரை நாடே அறியும். அவருக்குப் பின்னே ஈட்டி ஏந்தி நின்றவரையும், குதிரையிலிருந்து விழுந்தவரையும், ஒரே ஒரு வாக்கியம் பேசிவிட்டு மறைந்தவரையும் அறிந்தார் சிலரே. அத்தகைய சிறுவேட நடிகர்களைப் பற்றிச் சில செய்திகளை மாணவ நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் ஒரு வாணிப முறையை விளக்க வேண்டும். அமெரிக்க நாட்டில் 1930 முதல் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் வரை, ஒரு நுழைவுச் சீட்டுக்கு இரண்டு படங்கள் காட்டுவது கொட்டகைகளின் வழக்கமாக இருந்தது. முதற்படத்திற்கு வசூலில் பங்கு. இரண்டாம் படத்திற்கோ பெரும்பாலும் குறிப்பிட்ட வாடகை மட்டுமே. எவ்வளவு கூட்டம் வந்தாலும் அவ்வாடகை உயராது. ஆகவே இரண்டாம் படத்தைக் குறைந்த செலவில், சில நாட்களில் எடுத்து முடித்தால்தான் இலாபம் நிற்கும். இத்தேவையிலிருந்தே குதிரை வீரர் படங்களும், காட்டுப் படங்களும், பூத விலங்குப் படங்களும் பெருகின. ஒரு முறை கட்டிய தெரு பத்துப் படங்களுக்கு உதவியது. ஒரே நடிகர் ஒரு வாரம் திருடனாகவும் மறுவாரம் காவலனாகவும் தோன்றினார்.

இவ்வகைப் படங்களை எடுத்த நிறுவனங்களுள் ஒன்று இலிப்பர்ட் பிக்சர்ஸ். கலிபோர்னியாவில் கொட்டகைகள் பல வைத்திருந்த ராபர்ட் இலிப்பர்ட் அதன் உரிமையாளர். அந்நிறுவனம் நம் சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸாரோடு கைகோத்து 1952-இல் ஒரு படத்தை வெளியிட்டது என்றால் பலர் வியப்படையலாம். ஆங்கிலத்தில் அதன் பெயர் 'தி ஜங்கிள்', தமிழில் 'காடு'.

மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவிய டி. ஆர். சுந்தரம், திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில் நுட்பம் கற்றுத் திரும்பியவர். 1930-களின் நடுவில் தொடங்கிய அந்நிறுவனம் மலையாளத்தின் முதற் பேசும்படமான 'பாலன்' (1938), தமிழின் முதல் முழு வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) ஆகியவற்றை எடுத்தது. ஆலையில் நூல் ஓடுவதைப் போலத் தடையின்றிப் படங்கள் அங்கே உருவாயின. காலம் தவறாமையும் சிக்கனமும் அவருடைய கொள்கைகள். அமெரிக்கச் சிறுபடத் தயாரிப்பாளரும் அவரும் ஒருவரை ஒருவர் எளிதில் புரிந்துகொண்டிருப்பர் என்பது என் எண்ணம்.

'காடு' படத்தை இயக்கியவர் வில்லியம் பெர்க். ஒளிப்பதிவு செய்த கிளைட் டி வின்னா முன்னரே ஆஸ்கார் பரிசு பெற்றவர். படம் இந்தியாவிலேயே எடுக்கப்பட்டது. காட்டு யானைகள் ஊர்களை அழிக்கின்றன. காரணம் அறியச் செல்லும் குழுவினர், உலகில் அற்றுப்போனதாகக் கருதப்பட்ட மாமத் என்னும் பண்டைச் சடையானைகளைக் காண்கின்றனர். இதுவே கதை. அச்சடையானைகளாக நடித்தவை நம் நாட்டு யானைகள்! நீண்ட சடைமயிர் போர்த்தி அவற்றைப் படப்பெட்டியின் முன் நிறுத்தினர்.

நான் பழனி மலைத்தொடரில் உள்ள வடகவுஞ்சியைச் சேர்ந்தவன். இம்மலைகளின் சரிவுகளில் யானைகள் நடமாடும். யானை வந்த தடத்தையும் முறித்த மூங்கிலையும் பார்த்தே அதன் போக்கை உய்த்துணரும் முதியோர் எங்கள் மலையூர்களில் உண்டு. யானைக்கு மயிர் மிகக் குறைவு. அகன்ற செவிகளை விசிறியே உடல் வெப்பத்தை ஆற்றிக்கொள்கிறது. அத்தகைய விலங்கின்மீது நம் நாட்டு வெயிலில் மயிர்ப்போர்வை சாத்தினால் அதற்கு எவ்வளவு வருத்தம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மரபணு ஆய்வின்படி மாமத்துக்கு மிக நெருங்கிய உறவினம் ஆப்பிரிக்க யானையன்று, நம் ஆசிய யானையே. பனிநிலத்தில் வாழ்ந்த அவ்வினத்தின் கடைசிக் கூட்டம் ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன் வடகடல் தீவொன்றில் மறைந்தது. ஆகவே அந்த யானைகள், தம் ஒன்றுவிட்ட உறவினரின் வேடத்தையே புனைந்தன எனலாம்.

இனி மனித நடிகர்களைப் பார்ப்போம். கதாநாயகரான ராட் கேமரன் கனடாவில் பிறந்தவர். சிறுவேடங்களிலும், பிறருக்காகக் குதிரை ஏறி விழும் சண்டைக்காட்சிகளிலும் தொடங்கி, 1943-இல் தொடர்படங்களில் வீரனாகி, பின் குதிரை வீரர் படங்களில் நிலைத்தவர். நாயகி மேரி வின்சர், சிறுபடங்களின் அரசி என்றே பெயர் பெற்றவர். மற்றொருவரான சீசர் ரொமேரோ, அதற்கு முந்திய ஆண்டில்தான் இலிப்பர்ட்டின் 'லாஸ்ட் காண்டினென்ட்' என்னும் டைனோசர் படத்தில் நடித்திருந்தார்.

நம்மவருள் இருவர் நம் கவனத்திற்குரியவர். ஒருவர் சுலோசனா என்ற ரூபி மையர்ஸ். ஊமைப்பட காலத்தில் பம்பாயின் இம்பீரியல் நிறுவனத்து நட்சத்திரம். நாட்டிலேயே மிக உயர்ந்த ஊதியம் பெற்றவர்களுள் ஒருவர். பேசும்படம் வந்தது, காலம் மாறிற்று. 'காடு' படத்தில் அவருக்குக் கிடைத்தது ஒரு சிறு பாத்திரமே. ஆயினும் அவர் நடிப்பதை விட்டுவிடவில்லை. 1973-ஆம் ஆண்டுக்கான தாதாசாகிப் பால்கே விருது அவரைத் தேடி வந்தது.

மற்றொருவர் எம். என். நம்பியார். 1919-இல் கண்ணூரில் பிறந்து, இளம்வயதிலேயே நவாப் இராஜமாணிக்கத்தின் நாடகக் குழுவில் சேர்ந்தவர். 1935-இல் 'பக்த ராமதாஸ்' வாயிலாகத் திரைக்கு வந்தும், பல்லாண்டுகள் நாடக மேடையும் சிறுவேடங்களுமே அவர் வாழ்வாயின. மாடர்ன் தியேட்டர்ஸில் 1950-இல் 'மந்திரி குமாரி'யின் ராஜகுருவாக வந்து மக்களை அச்சுறுத்தினார். அதே ஆண்டில் 'திகம்பர சாமியார்' படத்தில் பல மாறுவேடங்கள் புனைந்து தலைமை நடிகரானார். அவ்வளவு புகழ் பெற்றபின் 'காடு' படத்தில் அவர் ஏற்றதோ மகாஜி என்னும் சிறுபாத்திரம். பெரிய வேடத்திலிருந்து சிறிய வேடத்திற்கு இறங்க அவர் கூச்சப்படவில்லை. வேடத்தின் அளவன்று, தொழிலின் ஒழுங்கே நடிகனை வளர்க்கும் என்பதற்கு அவரே சான்று. பிற்காலத்தில் 'எங்க வீட்டுப் பிள்ளை'யின் (1965) கொடியவரும் அவரே. 'தூறல் நின்னு போச்சு'வின் (1982) அன்பு நிறைந்த முதியவரும் அவரே. 2008-இல் அவர் மறைந்தார்.

எல்லார்க்கும் இந்த ஏற்றம் வாய்ப்பதில்லை. மைசூர்ப் பகுதியில் 1924-இல் யானைப் பாகனின் மகனாகப் பிறந்த சாபு, 1937-இல் 'எலிபண்ட் பாய்' என்னும் படத்தால் சிறுவயதிலேயே உலகப்புகழ் பெற்றார். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க விமானப்படையில் துப்பாக்கி வீரராகவும் பணி செய்தார். போருக்குப்பின் நல்ல வேடங்கள் குறைந்தன. 1951-இல் இதே பெர்க் இயக்க, இதே இலிப்பர்ட் வெளியிட்ட 'சாவேஜ் டிரம்ஸ்' போன்ற சிறுபடங்களே எஞ்சின. 1963-இல் முப்பத்தொன்பது வயதிலேயே காலமானார். பாகன் மகன், அரசகுமாரன், காட்டுச்சிறுவன் என்னும் மூன்று சட்டகங்களுக்குள்ளேயே ஹாலிவுட் அவரை நிறுத்திவிட்டது. திறமை இருந்தும் அதைக் காட்ட இடம் அளிக்கப்படாமையே அவர் வாழ்வின் துயரம்.

குதிரை வீரர் படங்களின் வித்து தமிழ் மண்ணிலும் விழுந்தது. ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்கிய 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா' (1972), 'ஜக்கம்மா' (1972) ஆகியவற்றில் ஜெய்சங்கர் குதிரையேறித் துப்பாக்கி ஏந்தினார். 2010-இல் சிம்புதேவன் எடுத்த 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' என்னும் நகைச்சுவைப் படத்தில் ஓர் ஊருக்கு ஜெய்சங்கர்புரம் என்றே பெயர்! இத்தகைய படங்களில் நாயகரின் குண்டுக்கு இலக்காகிப் புழுதியில் உருண்டவர்கள் எத்தனை பேர்! அந்த வீழ்ச்சி நம்பும்படி அமைந்ததனாலன்றோ நாயகர் வீரராகத் தோன்றினார்?

மாணவ நண்பர்களே, 'காடு' சிறந்த கலைப்படைப்பு என்று நான் வாதாட வரவில்லை. அது சிறுபடமே. ஆனால் சேலத்து நிர்வாகியும், ஹாலிவுட் ஒளிப்பதிவாளரும், பம்பாய் நட்சத்திரமும், கண்ணூரிலிருந்து வந்த நாடகக்காரரும் ஒரே படத்தில் கூடி உழைத்தனர் என்பது வரலாறு. அவர்களுடன் உழைத்த யானைப் பாகர்களைப் புகழ் தேடி வரவில்லை. சினம்கொண்ட யானையாகத் திரையில் தோன்றுவதற்கு, அது சொற்கேட்டு நடக்கும் யானையாக இருக்க வேண்டுமன்றோ? அந்தப் பணிவை வாங்கித் தந்தவர் பாகர்.

உங்கள் ஊரில் நாடகத்திலோ, கூத்திலோ, திரைப்படத்திலோ சிறுவேடம் ஏற்ற முதியோர் இருப்பாராயின், அவர்களை அணுகிக் கேளுங்கள்: எந்த ஆண்டு, எந்த நாடகம், என்ன வேடம், எவ்வளவு கூலி? கேட்டதைத் தேதியிட்டு எழுதிவையுங்கள். அவர்கள் நினைவு அவர்களோடு மறைந்துவிட்டால், பின்னர் எந்த நூலகத்திலும் அதைத் தேடிப் பெற முடியாது.