பாவை நோன்பு

பாவை நோன்பு என்பது மார்கழித் திங்களில் கன்னிப் பெண்கள் விடியுமுன் நீராடி, நாட்டுக்கு மழையும் தமக்கு நல்ல கணவரும் வேண்டி நோற்ற நோன்பு. ஈர மணலில் பாவை அமைத்து வழிபட்டதால் இப்பெயர் வந்தது என்பர். வழிபடும் தெய்வமும் பாடும் பாட்டும் காலந்தோறும் மாறியபோதும், மழை வேண்டுதல் இந்நோன்பில் மாறாமல் நின்றது.

பருவம்: தொல்காப்பிய மரபில் ஆண்டு ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுக்கப்படும். மார்கழியும் தையும் முன்பனிக் காலம். வடகிழக்குப் பருவமழை ஓயும் நேரம் அது. வயலில் சம்பா நெல் முற்றிவரும். பெய்த மழைக்கு நன்றியும் வரும் ஆண்டின் மழைக்கு வேண்டுதலும் கூடும் இடத்தில் இந்நோன்பு அமைந்துள்ளது. மானிடரின் ஓராண்டு தேவர்க்கு ஒரு நாள் என்றும், அதில் மார்கழியே வைகறை என்றும் கொள்ளும் நம்பிக்கை பின்னர் இதற்கு வலுச் சேர்த்தது.

சங்க காலம்: நற்றிணை, ஐங்குறுநூறு, கலித்தொகை ஆகியன மகளிரின் தைந்நீராடலைக் குறிக்கின்றன. நல்லந்துவனார் பாடிய 11ஆம் பரிபாடல், திருவாதிரை நாளில் வையைக் கரையில் நடந்த ‘அம்பா ஆடல்’ என்னும் மகளிர் நீராடலை விரிவாகக் காட்டுகிறது. நிலம் வெம்பாமல் குளிர வேண்டும் என்பதே அங்கு மகளிரின் வேண்டுதல். முழுநிலவு தொடங்கி முழுநிலவு வரை திங்களைக் கணக்கிட்டால் மார்கழி நீராடலும் தைந்நீராடலும் ஒன்றே என்பது அறிஞர் சிலரின் விளக்கம்.

பக்திக் காலம்: ஆண்டாள் அருளிய திருப்பாவை 30 பாசுரங்களும், மாணிக்கவாசகரின் திருவெம்பாவை 20 பாடல்களும் நாட்டு வழக்கைத் தெய்வ இலக்கியமாக உயர்த்தின. திருப்பாவையில் வரும் வெள்ளி எழுச்சி, வியாழன் மறைவு ஆகியவற்றைக் கொண்டு தமிழறிஞர் மு. இராகவையங்கார் அதன் காலத்தைக் கி.பி. 731 எனக் கணித்தார். திருப்பாவையின் 4ஆம் பாசுரம் மழையை அழைக்கிறது. முகிலின் கருமையில் திருமாலின் மேனியையும் மின்னலில் அவன் சக்கரத்தையும் காண்கிறது. திருவெம்பாவையின் 16ஆம் பாடல் அதே முகிலில் உமையைக் காண்கிறது. யாப்பிலக்கண உரையான யாப்பருங்கல விருத்தி மேற்கோளாகக் காட்டும் சமணப் பாவைப் பாட்டு, இவ்வழக்கம் சமய எல்லைகளைக் கடந்திருந்ததைக் காட்டும்.

நோன்பு முறை: நோற்பவர் பாலும் நெய்யும் உண்ணார், மை எழுதார், மலர் சூடார், இயன்றவரை ஈகை செய்வர். 27ஆம் நாளான கூடாரவல்லியன்று நெய் வழியும் அக்காரவடிசிலுடன் விலக்கு நீங்கும். தை அறுவடைக்குச் சற்று முன்பு வரும் இத்துறவு, நிறைவைப் பெறுமுன் மனத்தை ஆயத்தம் செய்கிறது. உணவைப் பருவத்தின் கொடையாக ஏற்கக் கற்பிப்பதே இதன் உயர்ந்த பொருள்.

பரவல்: தாய்லாந்து அரச மரபில் நிகழ்ந்த ‘திரியம்பாவை’ விழாவின் பெயர் திருவெம்பாவையின் திரிபு. பாங்காக் நகரில் அவ்விழாவுக்கென 1784இல் எழுப்பிய பெரிய ஊஞ்சலில் ஆடும் சடங்கு 1935உடன் நின்றது. ஊஞ்சல் தூண்கள் இன்றும் நிற்கின்றன. இலங்கைச் சைவர்கள் திருவாதிரையோடு நிறையும் பத்து நாட்களைத் திருவெம்பாவைக் காலமாகப் போற்றுகின்றனர்.

இன்றைய நிலை: கன்னியர் கூடி ஆற்றில் ஆடிய நோன்பு இன்று பெரும்பாலும் கோயிலிலும் வீட்டிலும் பாராயணமாக நிகழ்கிறது. திருமலையில் மார்கழி முழுதும் சுப்ரபாதத்துக்கு மாற்றாகத் திருப்பாவை ஓதப்படுகிறது. வாசல் கோலத்தில் சாணப் பிள்ளையார் மேல் பறங்கிப்பூ வைக்கும் வழக்கமும் தொடர்கிறது. தென் மாவட்டங்களில் அச்சாணத்தை வறட்டியாகத் தட்டிச் சேர்த்து, தையில் சிறுவீட்டுப் பொங்கலிட்டு நீரில் விடுகின்றனர். நீர்நிலையில் தொடங்கிய நோன்பு, அங்கு இன்றும் நீர்நிலையிலேயே நிறைவு பெறுகிறது.