அபெர்ச்சர்

'திற' என்று பொருள்படும் 'அபெரீரே' என்ற லத்தீன் வினையடியாகப் பிறந்த சொல். உடற்கூறியலில் திறப்பு, துளை. மண்டையோட்டில் மூக்குக்கான பேரிக்காய் வடிவத் திறப்பும், மூளையின் நான்காம் அறையிலிருந்து மூளைத் தண்டுவடத் திரவம் வெளியேறும் 3 துளைகளும் இப்பெயர் பெறும். ஒளியியலில், வெளிச்சம் நுழையும் வழி. கேமராவில் எஃப் 2-ஐ எஃப் 4 ஆக்கினால் துளையின் விட்டம் பாதியாகும், ஒளியோ கால் பங்காகிவிடும்.

நத்தை, சங்கு இனங்களில் இது ஓட்டின் வாய். உயிரி தலையையும் காலையும் நீட்டுவது இவ்வழியேதான். ஒரு சங்கைச் சுருள்முனை மேலே இருக்க, வாய் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். வாய் வலப்பக்கம் தெரிந்தால் விலங்கியலில் அது வலச்சுழி. சாதாரணச் சங்கெல்லாம் அப்படித்தான். அரிதாகக் கிடைக்கும் வலம்புரிக்கு வாய் இடப்பக்கம். அறிவியல் அதை இடச்சுழி என்றே வகைப்படுத்துகிறது.