கணக்குப் பெட்டியில் பிறந்த இசை

மளிகைக் கடையில் கணக்குப் போடும் கால்குலேட்டரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தச் சிறு பெட்டிக்கும் இசைக்கும் என்ன உறவு? அந்த உறவின் வரலாற்றையே இன்று காணப் போகிறோம்.

ஜப்பானியத் தலைநகர் தோக்கியோவில், 1946ஆம் ஆண்டு, கஷியோ தடாவோ என்பவர் ஒரு சிறு பட்டறையைத் தொடங்கினார். அவருடைய தம்பியர் மூவரும் பின்னர் அவரோடு சேர்ந்துகொண்டனர். 1957இல் இவர்கள் மின்சாரத்தால் இயங்கும் கணக்குப் பொறி ஒன்றை வெளியிட்டார்கள். அதன் எடை சுமார் 140 கிலோ! காசியோ நிறுவனம் உருவானதும் அதே ஆண்டில்தான். 1972இல் அந்நிறுவனமே கையில் அடங்கும் கணக்குப் பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மேசையளவுப் பொறி செய்த வேலையை நகத்தளவுச் சில்லு செய்யத் தொடங்கியதே இந்த மாற்றத்திற்குக் காரணம்.

சரி, கணக்கு எப்படி இசையாகும்? ஓசை என்பது அதிர்வு. வினாடிக்கு 440 முறை காற்று அதிர்ந்தால் ஒரு சுரம் பிறக்கிறது. 880 முறை அதிர்ந்தால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் கேட்கிறது. ஆகவே சுரமும் ஓர் எண்தான். எண்ணை ஆளத் தெரிந்த சில்லு, சுரத்தையும் ஆளும்.

தம்பியருள் ஒருவரான தோஷியோ இசைக்கருவி செய்வதில் ஆர்வம் கொண்டார். 1980இல் காசியோவின் முதல் மின்னிசைப் பலகை வெளிவந்தது. அதையடுத்து வந்த வி.எல்-1 என்ற கருவி ஏறத்தாழ ஓர் அடி நீளமே இருக்கும். அதில் 29 கட்டைகள், நூறு சுரங்களை நினைவில் வைத்துக்கொள்ளும், கணக்கும் போடும். 1982இல் ஜெர்மனியின் திரியோ குழுவினர் இந்தச் சிறு கருவியைக் கொண்டு அமைத்த பாடல் பல நாடுகளில் ஒலித்தது.

1981இல் எம்.டி-40 என்ற மற்றொரு சிறு கருவி வந்தது. பேட்டரியில் இயங்கும் அக்கருவிக்குள் பதிந்திருந்த தாளங்களை அமைத்தவர் ஒகுடா ஹிரோகோ. இசைக் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு 1980இல் வேலைக்குச் சேர்ந்த இளம்பெண் அவர். ஜமைக்காத் தீவின் ரெகே இசையில் அவருக்குப் பெரும் ஈடுபாடு இருந்தது.

ஜமைக்கா, நேயர்களே, கரும்புத் தோட்டங்களின் தீவு. நம் முன்னோர் மலாயாவுக்கு வந்ததுபோல், 1845 முதல் இந்தியத் தொழிலாளர்கள் அங்கேயும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிச் சென்றார்கள். அத்தீவின் இசைக்கு மனம் கொடுத்தவர் அமைத்த தாளம், அத்தீவையே சென்றடைந்தது. 1985இல், தலைநகர் கிங்ஸ்டனில், நோயல் டேவி என்ற இளைஞரிடமிருந்த எம்.டி-40இன் தாளத்தோடு வெய்ன் ஸ்மித் பாடினார். கிங் ஜாமி என்பவர் தாளத்தின் வேகத்தைக் குறைத்து அதைப் பதிவு செய்தார். ‘அண்டர் மி ஸ்லெங் டெங்’ என்ற அப்பாடல் தீவையே ஆட்டிவைத்தது. அதே தாளத்தில் பின்னர் நூற்றுக்கணக்கான பாடல்கள் எழுந்தன.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒலிப்பதிவுக் கூடங்களில் மத்தளமும் கிதாரும் வாசித்துப் பிழைத்த கலைஞர் பலருக்கு வேலை குறைந்தது. இயந்திரம் வந்தால் கைகளுக்கு என்ன நேரும் என்பதைத் தோட்டப்புற மக்களாகிய நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் வாத்தியக் குழுவை அமர்த்தப் பணமில்லாத இளைஞர்களுக்கு அதே இயந்திரம் கதவைத் திறந்துவிட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே நியாயமாகும்.

1989இல் வெளிவந்த கேம் பாய் என்னும் கையடக்க விளையாட்டுக் கணினியிலும், சில ஆண்டுகளில் பாட்டமைக்கத் தொடங்கினர். 1998இல் ஜெர்மனியிலிருந்து நானோலூப், 2000இல் சுவீடனிலிருந்து எல்.எஸ்.டி.ஜே. என, அதற்கென்றே நிரல்கள் பிறந்தன. இன்றோ, அந்த வசதி கைத்தொலைபேசிக்குள்ளேயே இருக்கிறது.

பியானோ வாங்க வசதியில்லையே என்று நம் பிள்ளைகள் ஏங்க வேண்டாம். கருவி சிறிதாகிவிட்டது; செவி மட்டும் பெரிதாக இருக்க வேண்டும். ஒகுடா ஹிரோகோவின் தாளம் சில்லிலிருந்து பிறக்கவில்லை. அவர் ஆண்டுக்கணக்கில் ஆசையோடு கேட்ட இசையிலிருந்து பிறந்தது. நம் கோயில் திருவிழாவில் ஒலிக்கும் உறுமி மேளத்தை நம் பிள்ளைகளும் காதுகொடுத்துக் கேட்கட்டும். அந்தத் தாளத்தை எந்தச் சிறு பெட்டியில் வேண்டுமானாலும் அவர்கள் வாசித்துக்கொள்வார்கள்.